சின்ன ரிப்பேர்: நாமே பார்த்துக்கொள்வதா, ஓனரிடம் சொல்வதா?

வாடகை வீட்டில் ஒரு குழாய் சொட்ட ஆரம்பித்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஓனருக்குச் சொல்லாமல் நாமே சரிசெய்துவிடலாம். அவரிடம் சொல்லிவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் முதலில் எழுத்தில் தெரிவித்து, அவர் சம்மதம் வாங்கி, நாமே ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம். நான் கடைப்பிடிப்பது மூன்றாவது வழி, என் ஓட்டும் அதற்குத்தான். ஆனால் எல்லா ரிப்பேருக்கும் அது சரிப்படாது. சில வேலைகளில் ஓனர் அனுப்பும் ஆளுக்காகக் காத்திருப்பதே நல்லது. சத்தமில்லாமல் செய்துவிடும் முதல் வழிதான் பார்ப்பதற்குப் பெருந்தன்மையாகத் தெரியும், காலி செய்யும்போது வம்பில் கொண்டுபோய் விடும்.

செலவையும் நேரத்தையும் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. நாமே செய்தால் அன்றைக்கே முடியும், காசு நம்முடையது. ஓனர் செய்தால் காசு அவருடையது, நாள் அவர் வசதிப்படி. பல்பு மாற்றுவது, குழாய் முனைச் சல்லடையில் சேர்ந்த உப்பைத் தட்டி எடுப்பது, குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை எடுப்பது எல்லாம் குடியிருப்பவர் பாடு. இதற்கெல்லாம் போன் போட்டால், நிஜமாகவே பெரிய பழுது வரும் நாளில் நம் போனை எடுக்க அவருக்கு மனசு வராது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது தேதி. அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வரும் என்பது பழுது எப்போது தெரிந்தது, எப்போது சொல்லப்பட்டது என்ற இரண்டு தேதிகளைப் பொறுத்தது. பழுது பெரும்பாலும் மலிவானது. கண்டுகொள்ளாமல் விட்ட நாட்களில் அது செய்யும் சேதம்தான் காசைத் தின்னும். சிங்க் அடியில் ஹோஸ் இணைப்பு கசிகிறது என்று வையுங்கள். நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலோ உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினாலோ முடிந்துபோகும். அதே தண்ணீர் அடிப்பலகையில் ஊறி, மரத்தூள் பலகை உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது, அலமாரியையே மாற்ற வேண்டும். தெரிந்த அன்றே சொல்லியிருந்தால் அது பொருளின் இயல்பான தேய்மானம், பெரும்பாலும் ஓனர் பொறுப்பு. மாதக்கணக்கில் விட்டுவிட்டுச் சொன்னால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

சொல்லாமல் சரிசெய்தவருக்கு வரும் சிக்கல் வேறு மாதிரி. அன்றைக்குக் கசிவு நின்றுவிடும். பிற்பாடு அதே இணைப்பு விட்டுப்போய்க் கீழ்வீட்டுக் கூரைவரை ஊறினால், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்றுதான் பார்ப்பார்கள். பழைய குழாயின் வயதுக்கு உரிய பழி புதிதாக வேலை பார்த்தவர் தலையில் விழும். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

நாம் எதுவரை போகலாம் என்பதற்குக் குழாய் வாஷர் நல்ல உதாரணம். பல சுற்று திருகித் திறக்கும் குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் திறக்கும் குழாயில் பொதுவாக வாஷர் இருக்காது. செராமிக் தகடு வைத்த கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். அதன் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழையதைக் கையில் எடுத்துப் போய் வாங்குவதுதான் வழி. வாஷர் வேலைக்கு முதலில் அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஸ்க்ரூ உள்ளே விழாமல் இருக்க வடிகால் துளையில் ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் மேல் நட்டைத் திருகினால் ஸ்பிண்டில் என்ற தண்டு வெளியே வரும். அதன் அடியில் இருப்பதுதான் வாஷர். புதியதைப் போடும் முன் வாஷர் உட்காரும் வளையத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். குழி விழுந்து சொரசொரவென்று இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழியும்.

இதில் வழக்கமாக நடக்கும் கெடுதல் இரண்டு. சொட்டு நிற்கவில்லை என்று தினமும் முழு பலத்தோடு இறுக்கி மூடுவது ஒன்று. அதனால் வாஷர் நசுங்கி, அடியில் இருக்கும் வளையமும் சேர்ந்து கெடும். மற்றது, நட்டைத் திருகும்போது குழாயின் உடலை இன்னொரு கையால் இறுகப் பிடிக்காமல் விடுவது. நட்டோடு குழாயும் திரும்பி, சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த மரை முறிந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அதனால்தான் என் எல்லைக்கோடு சுவர். வெளியே தெரிவதில், ஓனர் சரி சொன்ன பிறகு கை வைக்கலாம். சுவருக்குள் இருப்பது எதுவானாலும் அவருடைய வேலை.

ஃப்ளஷ் டேங்க்கும் இதே கணக்கில் வரும். ஓயாமல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் டேங்கில் சில சொட்டு உணவுச் சாயம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் மூடி கசிகிறது. நிறம் இறங்காமல், தண்ணீர் நிரம்பி வழிவதற்கான குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தால் மிதவையைத் தாழ்த்த வேண்டும். இந்த விவரத்தோடு சொன்னால் ஓனர் அனுப்பும் ஆள் சரியான பொருளைக் கையோடு கொண்டுவருவார், ஒரு நடை மிச்சம்.

சுவரில் ஈரக்கறை தெரிந்தால் துடைத்து வெள்ளை அடிப்பது தவறு. கறையின் ஓரத்தைப் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பீரோவின் பின்னாலும் குளிர்ந்த மூலைகளிலும் மட்டும் கரும்பூஞ்சை பூத்தால், உள்ளே இருக்கும் ஈரக்காற்றுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சாமானைச் சுவரிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குளித்த பின்னும் சமைக்கும்போதும் ஜன்னலைத் திறந்து வைப்பது நம் கடமை. அதைச் செய்தும் குறையவில்லை என்று சொல்ல முடிந்தால் ஓனரும் காது கொடுப்பார்.

இனி மூன்றாவது வழியின் உயிர்நாடியான மெசேஜ். போனில் பேசினாலும் பேசி முடித்ததும் எழுதி அனுப்புங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். சமையலறை சிங்க் குழாய்க்குப் போகும் ஹோஸ் இணைப்பில் நேற்று இரவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடியில் இருக்கும் வால்வை மூடிவிட்டேன், இப்போது நின்றிருக்கிறது. பலகை இன்னும் ஊறவில்லை. படமும் வீடியோவும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா, இல்லை நானே பிளம்பரை அழைத்துச் செலவு எவ்வளவு என்று கேட்டுச் சொல்லட்டுமா? நாளை மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்."

எங்கே, எப்போதிலிருந்து, சேதம் பரவாமல் நாம் என்ன செய்தோம், சுற்றியுள்ள பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாம் இதில் இருக்கிறது. முடிவு எடுக்கும் உரிமை ஓனர் கையில் இருக்கிறது, அதுதான் அவர் மனசைக் குளிரவைக்கும். எங்கோ இருந்துகொண்டு திடீரென்று ஒரு பில்லைப் பார்ப்பதுதான் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத விஷயம். படத்தில் ஒன்று அறை தெரியும்படி தூரத்திலிருந்து, ஒன்று பழுதுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து. அவர் "நீங்களே பாருங்க" என்றால் வேலை தொடங்கும் முன் தொகையையும் மாற்றப்போகும் பொருளையும் எழுதி, "சரி" என்ற பதில் வந்த பிறகே ஆரம்பியுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பணம் கைக்கு வரும்வரை எறிய வேண்டாம்.

அந்தப் பணத்தை வாடகையில் நாமாகக் கழித்துக்கொள்வது ஆபத்து. எழுத்தில் சம்மதம் இல்லாவிட்டால் ஓனர் கணக்கில் அது வாடகை பாக்கியாகத்தான் நிற்கும், ரிப்பேர் பற்றிய பேச்சு வாடகைத் தகராறாக மாறிவிடும். கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். முழு வாடகையைக் கட்டிவிட்டு, பில்லைத் தனியாக அனுப்பிக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓனர் ஆளுக்காகவே காத்திருக்க வேண்டியவை மின்சாரம், கேஸ், கூரை, பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக்குழாய். எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்தால் அந்த லைனில் இருக்கும் கருவிகளையெல்லாம் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, மேலே தூக்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கருவியைப் போட்டதும் விழுந்தால் கோளாறு அதில் இருக்கலாம். எதுவுமே சொருகாமல் விழுந்தால் வயரிங்கைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வர வேண்டும். விழாமல் இருக்கட்டும் என்று அதிக ஆம்பியர் எம்சிபி மாற்றச் சொல்லாதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் அந்தச் சுமையைத் தாங்காமல் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் போன். கழிவுநீர் பின்வாங்கி மேலே வந்தால் அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஊற்ற வேண்டாம். அடைப்பு போகாவிட்டால் அந்த ரசாயனம் குழாயிலேயே தேங்கி, அடுத்து வேலை பார்க்க வருபவர் கையில் தெறிக்கும்.

ஓனர் மேல்மாடியிலேயே இருக்கும் வீட்டில் இவ்வளவு எழுத்து விறைப்பாகத் தோன்றலாம். அங்கே நேரில் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, "இப்போது பார்த்தோமே சார், அதன் படம்" என்று ஒரே வரியில் படத்தை அனுப்பினாலே தேதி பதிவாகிவிடும். நிர்வாகக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் குடியிருப்புகளில் எனக்குப் பழக்கம் குறைவு. புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதும், அவர்கள் ஆளைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. அப்படி விதி இருந்தால் மூன்றாவது வழி அங்கே எடுபடாது.