வெறுங்கோடு விட்ட வசன கலண்டர் – வாங்கலாமோ?

கிளிநொச்சியில ஏ9 ரோட்டுக்கரைக் கடையொண்டில வருசக் கடைசியில வாற நாள்தாள் கலண்டர் இது, ஒரு நாளைக்கு ஒரு வேத வசனம், கிழிக்கிற மாதிரி. இந்தமுறை 600 ரூபா. இதைவிட மலிவா, படம் போட்டு மினுங்கிறது கன இருக்கு, ஆனா எங்கட வீட்டில கனகாலமா இதைத்தான் வாங்கிறம், ஏனெண்டா வசனத்துக்குக் கீழ ரெண்டு வெறுங்கோடு விட்டு "இன்று கர்த்தர் செய்தது" எண்டு சின்னதாப் போட்டிருக்கினம்.

அம்மா இரவு ஜெபம் முடிச்சுப்போட்டு அதில எழுதுவா, காலமை கிழிச்ச தாளை எறியமாட்டா, லக்ஸ்பிரே பால்மாப் பேணிக்க போட்டு வைப்பா. அண்டைக்குக் கொட்டி வாசிச்சுப் பாத்தன். 2018 டிசம்பர், இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து வெள்ளம் வந்த கிழமை: "கோழியள் போச்சு, ஆடெல்லாம் இருக்கு, ஸ்தோத்திரம்." 2022 இல, மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்ட காலம்: "மண்ணெண்ணெய் 5 லீற்றர் கிடைச்சது, முன்னுக்கு நிண்ட பிள்ளை கால் நோகுதோ எண்டு கேட்டு இடம் தந்தது." சபையில சாட்சி சொல்லுற நேரம் இதையெல்லாம் ஒருத்தரும் எழும்பிச் சொல்லமாட்டினம், ஆனா அண்டண்டைக்கு எங்களை நடத்தினது இப்பிடியான கிருபையள்தானே, எழுதாட்டி அந்தப் பிள்ளையை நாங்கள் எப்பவோ மறந்திருப்பம். 2009 இல யுத்தத்தால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்க இருக்கேக்க எத்தினை பேர் மூலமா கர்த்தர் சாப்பாடு தந்தவர், ஒண்டும் எழுதி வைக்கேல்லையே எண்டு அம்மா இப்பவும் கவலைப்படுவா.

வசனங்கள் நல்ல தெரிவு. சில கலண்டரில ஜனவரியில இருந்து டிசம்பர் மட்டும் "ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன்" தான், கஷ்டப்பட்டு இருக்கிற வீட்டில அதைத் தனிய வாசிக்க மனம் இன்னும் சோந்துபோகும். இதில புலம்பல் 3:22 இருக்கு, எருசலேம் அழிஞ்சு கிடக்கேக்க "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" எண்டு சொன்னது. ஆபகூக் 3:17, 18 ரெண்டையும் வெட்டாமல் முழுசாப் போட்டிருக்கினம். "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்", "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" எண்டு வயல் செய்யிற ஆக்கள் வாசிக்கேக்க அது எங்கட வளவுக்கயே நிண்டு சொல்லுற மாதிரி இருக்கும், அந்தத் தாளை அம்மா கிழிக்கவே விடேல்ல, சாமி மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கிறா.

குறையும் இருக்கு. தாள் சரியான மெல்லிசு, ஜெல் பேனையால எழுதினா மற்றப் பக்கம் ஊறும், போல்பொயின்ற் நல்லம். மாரிக்கு ஈரலிச்சு நாலைஞ்சு தாள் ஒண்டாக் கிழிஞ்சு வரும், மேல அடிச்ச கம்பிப் பின்னும் துருப்பிடிக்குது, ஆனபடியா சுவரில படாமல் கொஞ்சம் தள்ளிக் கொழுவுங்கோ. எழுத்தும் வயசான ஆக்களுக்குச் சின்னன். கத்தோலிக்க ஆக்கள் கவனிக்கோணும், பூசை வாசக விபரமோ புனிதர்களின்ர நாளோ இதில இல்லை, மடு மாதா கோயில் ஆவணித் திருநாள்கூடக் குறிக்கேல்ல, வசனமும் பழைய மொழிபெயர்ப்பு.

அடுத்த வருசத்துக்கு வேணுமெண்டா டிசம்பர் நடுப்பகுதிக்குள்ள போங்கோ, நத்தார் கிட்ட வந்தா இது முடிஞ்சிடும். நான் ரெண்டு சொல்லி வச்சிருக்கிறன், மற்றது புதுசாக் கலியாணம் கட்டின தங்கச்சிக்கு.