ஓடும் வண்டியில் ஆவ்னிங் விரியாமல் இருக்க: கயிறா, ஸ்ட்ராப்பா, பூட்டா?

பினாங்குப் பாலத்தில் பாதித் தூரம் வந்திருப்போம். டப், டப், டப் என்று யாரோ கூரையை உள்ளங்கையால் தட்டுவது போல ஒரு சத்தம். இடது கண்ணாடியில் பார்த்தேன். வேனின் பக்கவாட்டில் சுருட்டி வைக்கும் நிழல்துணிதான் ஆவ்னிங். அதன் முன்கம்பி பின்முனையில் நான்கு விரல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அந்த இடைவெளியில் துணி துடித்துக்கொண்டிருந்தது. பாலத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அவசர விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பிறைப் பக்கம் இறங்கும்வரை வேனுக்குள் யாரும் பேசவில்லை. நம் மலேசியாவில் ஆவ்னிங் இருப்பது இடது பக்கம். மோட்டார் சைக்கிள்கள் போகும் தடமும் இடது பக்கம்தான். அந்தக் கம்பி முழுதாகப் பிரிந்திருந்தால் யார்மேல் விழுந்திருக்கும் என்று நினைத்தாலே இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்குப் பிறகு கிடைத்த எல்லா வழிகளையும் கட்டிப் பார்த்தேன். நண்பர்களின் வண்டிகளிலும் பார்த்தேன். எது எதற்கு உதவும், எது உதவாது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் காற்றைப் பற்றி. வேகம் கூடினால் அழுத்தம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை நேராக வாங்கும் ஒரு சதுர மீட்டர் துணியில் சுமார் 30 கிலோ பாரம் விழுகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டரில் அது 55 கிலோவைத் தாண்டும். பாலத்தில் வரம்பு 80தானே என்று இருந்துவிட முடியாது. கடற்காற்று எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் துணிக்கு அதுவும் 110தான். இடைவெளி விரல் அளவு இருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து துணியை உப்ப வைக்கும். உப்பிய துணி இன்னும் கொஞ்சம் காற்றைப் பிடித்து இன்னும் கொஞ்சம் விரியும். இரண்டரை மீட்டர் ஆவ்னிங்கில் 40 சென்டிமீட்டர் வெளியே வந்தாலே ஒரு சதுர மீட்டர் ஆகிவிடும். அதனால் முதல் விரல் இடைவெளியிலேயே தடுத்தாக வேண்டும்.

எதைத் தடுப்பது என்பது ஆவ்னிங்கின் வகையைப் பொறுத்தது. பெரிய மோட்டார்ஹோம்களில் ஸ்பிரிங் உருளையும் இரு பக்கமும் துணியைத் தாங்கும் கம்பிக் கைகளும் இருக்கும். உருளை முனையில் உள்ள சிறு நெம்புகோல் சரியாக விழாவிட்டாலோ அதன் பல் தேய்ந்திருந்தாலோ உருளை சுழன்று துணி வெளியே வரும். மின்சார ஆவ்னிங்கில் கதை வேறு. அதன் கைகளை ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட் எனும் வாயு அடைத்த தண்டோ எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் பிடிதான் அவற்றை உள்ளே வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் கைகள் திறக்கப் பார்க்கும். என் வேனில் இருப்பது மூன்றாவது வகை. கைப்பிடியால் சுற்றி மூடும் கேசட், அதாவது பெட்டி வகை. இதில் கைகள் பெட்டிக்குள் மடிந்துவிடும், முன்கம்பிதான் மூடி. அது இரு முனையிலும் சமமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இனி ஒவ்வொன்றாக. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைத்தான் பலரும் முதலில் எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுத்தேன். முப்பது வருடம் லோரி ஓட்டிய என் மாமா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கட்டுக் கயிறு இழுபடக் கூடாது. இழுபட்டா அது ஊஞ்சல்" என்றார். சரியான பேச்சு. காற்று துணியை இழுக்கும்போது எலாஸ்டிக்கும் கூடவே போகிறது, நமக்கு வேண்டாத அந்த ஒரு விரல் இடைவெளியை அதுவே கொடுக்கிறது. கொக்கியும் உப்புக்காற்றில் துருப்பிடித்து வண்டியின் பெயின்ட்டில் கோடு போடும். வேண்டாம்.

கேபிள் டை அவசரத்துக்கு நல்லது. கறுப்பு நிறத்தில், வெயில் தாங்கும் வகையாகப் பார்த்து நாலைந்து வண்டியில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் வெட்டி எறிய வேண்டும் என்பதால் நிரந்தர வழியாக ஆகாது.

வெல்க்ரோ பட்டையைப் பலர் புகழ்கிறார்கள். கைகள் உள்ள ஆவ்னிங்கில் ஒவ்வொரு கையையும் உருளைக்குக் கீழே சுற்றிக் கட்டுவதற்கு அது எளிது. புதிதாக இருக்கும்போது பிடியும் நன்றாகவே இருக்கும். ஆனால் பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலை ஒரு வாரம் பார்த்த வெல்க்ரோவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொக்கிப் பக்கம் முழுக்க மணலும் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் கொஞ்ச நாள் ஓடும். வெயிலில் வைத்தே ஓட்டும் வண்டியில் அது நீடிக்காது. துணியை ஜிப் வைத்த பைக்குள் சுருட்டும் பை வகை ஆவ்னிங்கில் ஜிப்புக்கு மேல் வரும் வெல்க்ரோவுக்கும் இதே நிலைதான். அந்தப் பையைச் சுற்றி இரண்டு பக்கிள் பட்டைகள் போட்டுவிட்டால் ஜிப் விட்டாலும் துணி வெளியே வராது.

இப்போது உண்மையான போட்டி: நெம்புகோலை இழுத்து இறுக்கும் ரேச்செட் பெல்ட்டா, கேம் பக்கிள் ஸ்ட்ராப்பா? லோரிக்காரர்களுக்கு ரேச்செட் பிடிக்கும், நியாயம்தான், அவர்கள் கட்டுவது டன் கணக்கில். ஆனால் ஆவ்னிங்கின் உருளையும் கேசட்டும் மெல்லிய அலுமினியம். நெம்புகோலை இரண்டு முறை அதிகமாக இழுத்தால் கேசட் நசுங்கும். நசுங்கிய கேசட் அப்புறம் ஒழுங்காக மூடாது, எதைத் தடுக்கக் கட்டினோமோ அதையே வரவழைத்துக்கொள்வோம். கேம் பக்கிளில் பட்டையைக் கையால் இழுத்துவிட்டால் பல் வைத்த சிறு நாக்கு அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கையின் பலத்துக்கு மேல் இறுகாது, இங்கே அதுதான் வேண்டும். பக்கிளும் சிறியது, வண்டிமேல் மோதாது. என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்கும்போது பட்டை பாலியெஸ்டரா நைலானா என்று பாருங்கள். நைலான் ஈரத்தைக் குடித்து நீளும். பட்டர்வொர்த்தில் வெயிலில் இறுக்கிக் கட்டியது தைப்பிங் மழையில் தளர்ந்து நிற்கும். பாலியெஸ்டர் அப்படி நீளாது. இன்னொன்று, தட்டையாக நீண்டு கிடக்கும் பட்டை காற்றில் பயங்கரமாக ரீங்கரிக்கும். கட்டும்போதே ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் சத்தம் அடங்கிவிடும். கேசட் ஆவ்னிங்கில் பட்டையை வண்டியைச் சுற்றிக் கொண்டுபோக முடியாது, கூரை ரேக்கின் கம்பியோடு சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். ரேக் இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை.

உலோகப் பூட்டு மேலும் உறுதியானது. ஆவ்னிங் கையின் உள்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் சேர்த்துத் திருகால் இறுக்குவது ஒரு வகை, உருளையே சுழலாதபடி பிடிப்பது இன்னொரு வகை. ஸ்பிரிங் உருளையின் நெம்புகோல் தேய்ந்திருந்தால் இரண்டாவது வகைதான் நேரடித் தீர்வு. அந்த நிலையில் கைகளை மட்டும் ஸ்ட்ராப்பால் கட்டினால், கைகள் மூடியிருக்க, நடுவில் துணி பலூன் போல உப்பும். மாறாக, மின்சார ஆவ்னிங்குக்குக் கைகளைப் பிடிக்கும் ஸ்ட்ராப்போ பூட்டோதான் பொருத்தம். பூட்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து, நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள்.

சரி, பாலத்தில் என் ஆவ்னிங் ஏன் திறந்தது? காரணம் முந்தைய நாள் மாலை தெலுக் பஹாங்கில் பெய்த மழை. நனைந்த துணியை அவசரமாகச் சுற்றினேன். தேங்கிய தண்ணீரின் கனத்தில் துணி ஒரு பக்கமாக நகர்ந்து, பின்முனையில் மடிப்பு தடித்துவிட்டது. முன்கம்பி முன்முனையில் உட்கார்ந்தது, பின்முனையில் உட்காரவில்லை. கைப்பிடி இறுகியதும் மூடிவிட்டது என்று நம்பிவிட்டேன். பொருத்திக் கொடுத்த கடைக்காரர் இரு முனையையும் பார்க்கச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ரேச்செட் பெல்ட்டே கட்டியிருந்தாலும், திறந்திருந்ததைத் திறந்தபடியேதான் அது பிடித்திருக்கும்.

அதனால் இப்போது மழைக்குப் பின் சுற்றும்போது, முதலில் ஒரு முனையைத் தாழ்த்தித் தண்ணீரை வடிக்கிறேன். பாதி சுற்றியதும் நிறுத்தி, துணி நடுவில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் விரித்துவிட்டு மறுபடி சுற்றுகிறேன். மூடிய பிறகு இரு முனையிலும் விரல் நகத்தை விட்டுப் பார்க்கிறேன், நகம் நுழையக் கூடாது. வீடு சேர்ந்ததும் விரித்துக் காயப்போட வேண்டும், இந்த வெக்கையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

அதன் பிறகுதான் ஸ்ட்ராப். இரண்டு பாலியெஸ்டர் கேம் பக்கிள், ரேக்கோடு சேர்த்து, முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி. இருபது நிமிடம் ஓட்டியதும் முதல் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் இறங்கி ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன். மின்சார ஆவ்னிங் வைத்திருக்கும் நண்பர் ஸ்ட்ராப்பைக் கட்டியதும் உள்ளே இருக்கும் சுவிட்சில் ஒரு சிவப்பு ரிப்பனை மாட்டிவிடுகிறார். ஸ்ட்ராப்பை அவிழ்க்காமல் யாராவது பொத்தானை அழுத்தினால் மோட்டாரோ ஆவ்னிங்கின் கையோ போய்விடும். அவருடைய ஆறு வயது மகள் இப்போது இடத்துக்கு வந்து சேர்ந்ததும், "அப்பா, ரிப்பன் இருக்கு, இன்னும் அமுக்கக் கூடாது" என்று முதலில் சொல்லிவிடுகிறாள்.