போர்டிகோ தரை அமுங்கிவிட்டதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு துளை போடச் சொல்லுங்கள்

ஒரே போர்டிகோவுக்கு மூன்று வருடத்தில் இரண்டு முறை பணம் கொடுத்து, இரண்டு முறையும் ஏமாந்த ஒரு வீட்டின் கணக்கு இது. சென்னைப் புறநகரில் வயலை நிரப்பிப் பிரித்த மனை. 10-க்கு 15 அடி கான்கிரீட் தரை. ஒரு மூலை இரண்டு அங்குலம் இறங்கி, வீட்டுச் சுவரோரம் விரல் நுழையும் அளவு வாய் பிளந்திருந்தது. மழைத் தண்ணீர் கேட் பக்கம் ஓடாமல் பேஸ்மட்டத்தை ஒட்டியே தேங்கியது.

முதலில் வந்த மேஸ்திரி, "மேலே ஒரு கோட் கான்கிரீட் போட்டு வாட்டம் எடுத்துடலாம்" என்றார். மேடான பக்கம் அரை அங்குலம், பள்ளமான பக்கம் இரண்டரை அங்குலம், சராசரி ஒன்றரை அங்குலம் போட்டார்கள். 150 சதுர அடிக்கு இது சுமார் அரை கன மீட்டர், எடை ஒன்றேகால் டன். அடியில் மண் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த தரையின் மேல் ஒரு சின்ன காரை விடக் கனமான சுமையை நிரந்தரமாக ஏற்றிவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையிலேயே மூலை மறுபடி இறங்கியது. அரை அங்குலமாக மெலிந்த ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பழைய கான்கிரீட்டின் மேல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவாகப் போடும் சாதாரண கான்கிரீட் கார் சக்கரத்துக்கு நிற்பது கடினம்.

இரண்டாவதாக வந்தவர்கள் செய்தது தெரிந்தே செய்த மோசடி. "வெளிநாட்டு ஃபோம் ஊசி, உடைக்கவே வேண்டாம், பத்து வருட வாரண்டி" என்று சொல்லி (துளை வழியே உப்பும் நுரையை அடித்து, இறங்கிய தரையைத் தூக்கும் முறை அது), சதுர அடி 280 ரூபாய் கணக்கில் 42,000 வாங்கினார்கள். பன்னிரண்டு துளை போட்டு, பக்கெட்டில் எதையோ கலக்கி, கைப்பம்பால் அடித்து, மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். பிறகு உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது சாம்பல் நிறச் சிமெண்ட் பால். மூன்று மூட்டை. அதன் விலை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான பாலியூரித்தேன் ஃபோமுக்கு இரண்டு தனித்தனி டிரம், சூடேற்றும் குழாய்கள் கொண்ட மின் பம்பு, துளை முனையில் இரண்டையும் கலக்கும் துப்பாக்கி எல்லாம் வேண்டும். கைப்பம்பும் பக்கெட்டும் மட்டும் வந்தால் அது ஃபோம் இல்லை. மாதிரி ஒரு துண்டு கேளுங்கள்: வெளிர் மஞ்சளாக, கையில் எடையே தெரியாமல் இருக்க வேண்டும். தரை எழும்பும்போது லேசர் லெவலோ டயல் கேஜோ வைத்து மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். அளக்காமல் கண் மதிப்பில் அடித்தால் தரை நடுவில் முறியலாம், இல்லையென்றால் ஃபோம் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் கிரவுட், அதாவது துளை வழியே சிமெண்ட் பாலைச் செலுத்துவது, கெட்ட முறை என்று சொல்லவில்லை. அடியில் பொள்ளல் மட்டும் இருந்து, தரையைத் தூக்க வேண்டிய தேவை இல்லை என்றால் அதுவே போதும், ஃபோமை விட மலிவும் கூட. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் சுமார் 40 லிட்டர் கிரவுட் கிடைக்கும். அந்த வீட்டில் பாதிப் பரப்பில், அதாவது 7 சதுர மீட்டரில், 40 மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தது. அது 280 லிட்டர், ஏழு மூட்டை. மூன்று மூட்டையில் பாதி கூட நிரம்பாது. தண்ணீரை இரட்டிப்பாக்கினால் நிரம்பியது போல் தெரியும். தண்ணீர் மண்ணில் இறங்கியதும் மேலே மறுபடி அதே வெற்றிடம். அதனால் சதுர அடிக்கு விலை பேசாதீர்கள். உள்ளே போகும் மூட்டைக்கு, அல்லது லிட்டருக்குப் பேசுங்கள். காலி மூட்டைகளை எண்ணி வாங்கி வையுங்கள்.

இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: மண் எங்கே போனது? அந்த வீட்டில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நான்கு அங்குல மழைநீர்க் குழாயின் எல்போ, தரைக்கு அடியில் கழன்று கிடந்தது. 800 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 3,700 லிட்டர் தண்ணீர். அது முழுக்க மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் போகாமல் போர்டிகோ மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்யாமல் எதை ஊற்றினாலும் அடுத்த மழை வரைதான்.

யாரையும் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில. சுத்தியலால் ஒவ்வொரு அடி தூரத்துக்கும் ஒரு இடம் தட்டுங்கள். "டொக் டொக்" என்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கே ஒரு 12 மில்லிமீட்டர் துளை போட்டு, நுனி மடக்கிய கம்பியை விட்டால் தரையின் கனமும் வெற்றிடத்தின் ஆழமும் தெரிந்துவிடும். மழைக் குழாயில் மேலிருந்து இரண்டு பக்கெட் விட்டு, மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பிடித்துப் பாருங்கள். சம்பில் இரவு தண்ணீர் மட்டத்தைக் குறியிட்டு, மோட்டாரையும் தண்ணீர் வரும் குழாயையும் நிறுத்திவிட்டு, மட்டம் இறங்கிக் கசிகிறதா என்று காலையில் பாருங்கள். சுவரோரம் புது மண் குவிந்திருந்தால் பெருச்சாளி வளை. அது ஒன்றே ஒரு தரையை இறக்கப் போதும். தரையோடு வீட்டுச் சுவரிலும் சாய்வாக வெடிப்பு விரிந்து, கதவு நிலையில் பிடிக்க ஆரம்பித்தால், அது அஸ்திவாரப் பிரச்சினை. தரை போடுகிறவர்களிடம் போகாதீர்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தரை ஒன்றிரண்டு பெரிய துண்டாக, நான்கு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் முழுசாக இருந்தால்தான் ஊசி முறைகள். மூன்று நான்காக உடைந்ததை உடைத்தெடுப்பதே வழி. அந்த வீட்டிலும் கடைசியில் அதுதான் நடந்தது. குழாயைச் சரிசெய்து, இளகிய மண்ணை ஒன்றரை அடி எடுத்துவிட்டு, கிராவலை ஆறு அங்குல அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து மண்ணை இறுக்கும் மெஷின்) ஓட்டினார்கள். (ஒரே நாளில் ஒன்றரை அடியையும் கொட்டி மேலே மட்டும் திமிசு போடுவதுதான் வழக்கம். தரை இறங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த வழக்கமே.) அதன் மேல் பாலித்தீன் விரிப்பு, கம்பி தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைத்து 8 மி.மீ. கம்பி எட்டு அங்குல இடைவெளியில், ஐந்து அங்குல எம்20 தரக் கான்கிரீட். சுவரோரம் அரை அங்குலத் தெர்மாகோல், தரை சுவரைப் பிடித்திழுக்காமல் இருக்க. 15 அடியை இரண்டாகப் பிரித்து மறுநாளே ஒன்றேகால் அங்குல ஆழத்துக்குக் கட்டிங் ஜாயிண்ட் (வெடிப்பு கண்ட இடத்தில் விழாமல் இருக்க வெட்டும் கோடு). கேட் பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்பதால் பத்து நாள் தண்ணீர் கட்டி, 28 நாள் கழித்துத்தான் கார்.

கரிசல் மண்ணாக இருந்தால் எங்கள் கருத்து வேறு. கோடையில் சுருங்கி மழையில் உப்பும் அந்த மண்ணில் ஃபோமும் கிரவுட்டும் வீண் செலவு. மேல் மண்ணை இரண்டடி மாற்றி, பேவர் பிளாக் போடுங்கள். நடைபாதைக்கு 60 மி.மீ., காருக்கு 80 மி.மீ. ஓரக்கல்லை மட்டும் கான்கிரீட்டில் பதியுங்கள். இறங்கினால் அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்து, அடியில் மண் சேர்த்து, மறுபடி அடுக்கிவிடலாம்.

வாரண்டித் தாளில் "மண் அரிப்பு, நீர்க்கசிவு நீங்கலாக" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வீட்டின் தாளில் இருந்தது. தரை இறங்க இருந்த ஒரே காரணத்தையே விலக்கிவிட்டு எழுதிய வாரண்டி அது. தொகையில் கால் பங்கை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அன்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துச் சுவரில் நான்கு இடத்தில் பென்சில் கோடும் தேதியும் போட்டு, கோட்டிலிருந்து தரை வரை உள்ள அளவைப் பக்கத்திலேயே எழுதிப் படமெடுத்து வையுங்கள். தை மாதம் அதே டேப்பால் மறுபடி அளந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.