கோஆக்ஸ் கேபிளில் கட்டிய எஃப்எம் ஆண்டெனா: சில வருட அனுபவம்

மலேசியாவில் நாங்கள் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) நேர் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் குனோங் உலு காலி மலை இருக்கிறது. 1,772 மீட்டர் உயரம். தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்-இன் 96.3 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டு ரேடியோவில் இரைச்சல்தான். தகரக் கூரைக்குக் கீழே வைத்த ரேடியோவுக்கு அலை எப்படி முழுசாக வந்து சேரும்? சுற்றிலும் செம்பனை வேறு. கடையில் ஆண்டெனா வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

2019-இல் அனலாக் டிவி நின்றபோது பல வீடுகளில் கூரைக் கேபிள் சும்மா கிடந்தது. ஆர்ஜி-6 எனப்படும் அந்த கோஆக்ஸ் கேபிளே (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி நுரை, தாள், பின்னிய கம்பி வலை, மேலே கறுப்பு உறை) இதற்குப் பொருத்தம். அது 75 ஓம். நடுவில் பிரிந்து இரண்டு கை நீட்டும் டைபோல் ஆண்டெனாவும் ஏறக்குறைய 73 ஓம். இரண்டும் ஒத்துப்போவதால் நேராக இணைக்கலாம்.

அளவுக்கு 71-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் போதும், ஒரு கையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். 96.3-க்கு 74 சென்டிமீட்டர். நுனியிலிருந்து அவ்வளவு தூரம் கறுப்பு உறையை உரித்து, பின்னல் கம்பியைத் தள்ளித் தளர்த்தி, கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கேபிளின் உறைமேலேயே இழுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் அலுமினியத் தாளை வெட்டி எடுத்துவிடுங்கள். நடுக்கம்பி வெள்ளை நுரையோடு மேலே நிற்கும், பின்னல் கீழே இறங்கும். இதுதான் ஆண்டெனா. பின்னல் முடிகிற இடத்துக்குக் கீழே கேபிளை ஐந்தாறு சுற்றுச் சுருட்டிக் கட்டினால், கேபிளின் வெளிப்பக்கமாக ஓடிவரும் இரைச்சல் குறையும். இப்படிக் கட்டியதை அப்படியே பிவிசி குழாய்க்குள் நுழைத்து நிறுத்திவிடலாம். இரும்புக் குழாய் மட்டும் வேண்டாம், உள்ளே அலையே போகாது. ஆர்ஜி-6 பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. ஒட்டவைக்கப் பாடுபடாமல் இப்படித் திருப்பிவிடுவதே சுலபம்.

நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் கேட்பதற்கு வித்தியாசமே தெரியவில்லை. இடம்தான் எல்லாம். வீட்டுக்குள் இருந்ததைத் தகரத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கச் சுவரோரம் நிறுத்தியதும் அம்மாவின் காலைப் பாட்டு ஸ்டீரியோவில் வந்தது. மின்னல் எஃப்எம்-ஐ அவர் இன்னும் பழைய பெயரில் “ரேடியோ ஆறு” என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் நிமிர்த்தி நிறுத்தியதுதான் படுக்க வைத்ததைவிட நன்றாக எடுத்தது. உங்கள் இடத்தில் இரண்டையும் செய்து பார்த்துவிடுங்கள்.

நாள்பட்டுக் கெடுப்பது மழையும் வெயிலும்தான். சாதாரண வயர் டேப் வெயிலில் பசை விட்டு உரிந்துவிடும். நம் ஊர் மழைத்தண்ணீர் வெட்டிய இடத்தில் இறங்கி, பின்னல் வழியே உள்ளேயே ஊர்ந்து போய்க் கம்பியைக் கறுக்க வைக்கும். சத்தம் நாளுக்கு நாள் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பும், குழாயின் மேல்வாயில் மூடியும் சிலிக்கானும் போட்ட பிறகு எனக்குக் கவலையே இல்லை. குழாயின் அடிவாயை மட்டும் அடைக்காதீர்கள், வியர்க்கும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி இடிக்கும் மத்தியானங்களில் வானம் கறுத்ததுமே கேபிளைக் கழற்றிவிடுகிறோம். வீட்டில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. கூரை உச்சிக்கு மேல் ஆண்டெனாவைத் தூக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

மினி கம்போ (ஸ்பீக்கர்களோடு வரும் சின்ன ஸ்டீரியோ செட்) வகையில் 75 ஓம் ஆண்டெனா துளை இருந்தால் நேராகச் செருகலாம். கையில் தூக்கும் சின்ன ரேடியோ என்றால், நடுக்கம்பியை முதலைக் கிளிப்பால் அதன் நீட்டுக் கம்பியில் மாட்டி, பின்னலை பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் தொடவிட்டால் வேலை செய்யும். பக்கத்தில் எல்இடி விளக்கோ போன் சார்ஜரோ எரிந்துகொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.