விரல் நுனியில் ஒரு கிளிப்: ஹெல்த் டெக் ஆராய்ச்சிக்கு எந்தத் துறை?

பயோமெடிக்கல் முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஹெல்த் டெக்கில் ஆராய்ச்சி பண்ணணும், எந்த டிபார்ட்மெண்டில் சேரலாம்?" எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், மருத்துவக் கல்லூரி, பப்ளிக் ஹெல்த் என்று நாலு பெயரையும் அவர்களே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். சம்பளம், ஸ்டைபெண்ட், சீட் எண்ணிக்கை எல்லாம் இணையத்தில் கிடைக்கும். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு. ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துறையும் அதில் எதைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எந்த இடம் தனக்கு ஒத்துவரும் என்று படிக்கிறவர்களுக்கே ஓரளவு பிடிபட்டுவிடும்.

கருவி உங்களுக்குத் தெரிந்ததுதான், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். 2021 மே மாதம் எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளிப்பை மாட்டி, வரும் எண்ணைப் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்தோம். ஒரு ராத்திரி 91 என்று காட்டியது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத வேறொரு விரலில் மாட்டினேன், 95. இரண்டில் எதை நம்புவது? கருவி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அந்த ராத்திரி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பிழைத்துக்கொண்டார், அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

முதலில் பொறியியல். இந்தக் கருவியின் மூலக் கருத்தைத் தந்தவர் ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த தகுவோ அவோயாகி, 1974இல் அதை வெளியிட்டார். அவர் வேலை பார்த்தது கம்பெனியில், பல்கலைக்கழகத்தில் இல்லை. இருந்தாலும் பொறியியல் மூளை எப்படி ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதுமடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டை அலை அலையாக்கியது. அந்த அலையைக் களைய இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்திப் பார்த்தார், ஆக்சிஜன் அளவு மாறும்போது மட்டும் களைய முடியவில்லை. அப்படியானால் தொந்தரவு என்று தான் தள்ளிவிடப் பார்த்த அந்தத் துடிப்பிலேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது என்று பிடித்துவிட்டார். இன்றைக்கும் கிளிப்புக்குள்ளே அதே கதைதான். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அருகே அகச்சிவப்பு, துடிக்கும் ரத்தம் ஒவ்வொன்றையும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதம்.

பொறியியலின் பலம் இது, கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் மிஞ்சும். பலவீனமும் இதே கிளிப்புக்குள் இருக்கிறது. அந்த விகிதத்திலிருந்து 95 என்ற எண்ணுக்குப் போகக் கணக்கு மட்டும் போதாது. ஆரோக்கியமான ஆட்களை உட்காரவைத்து, குறைந்த ஆக்சிஜன் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒப்பிட்டு ஒரு வளைகோடு தயாரிக்கிறார்கள். நம் விரலில் மாட்டும் கருவி அந்த முன்பின் தெரியாதவர்களின் உடம்போடு நம்மை ஒப்பிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறது. யார் அந்த ஆட்கள்? அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதலின்படி குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள், அதில் கருந்தோல் கொண்டவர்கள் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பத்துப் பேரில் இரண்டு பேர். பிழை சராசரியாக வரம்புக்குள் இருந்தால் பாஸ். லேபில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு இதில் தப்பே தெரியாது. சராசரிக்குள் அந்த இரண்டு பேர் காணாமல் போய்விடுவார்களா என்பது அவர் கேட்கவேண்டிய கேள்வி, ஆனால் அவருடைய பாடத்திட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தருவதில்லை. என் பாடத்திட்டமும் சொல்லித்தரவில்லை.

அடுத்து மருத்துவம். டாக்டர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் கிடையாது. ஐசியுவில் ஒரே நோயாளிக்கு மானிட்டர் எண்ணும் இருக்கும், ஏபிஜி என்று தமனி ரத்தத்தை எடுத்து அளந்த உண்மையான எண்ணும் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஒப்பிட்டும் இருக்கிறார்கள். 1990இலேயே ஜுப்ரான், டோபின் என்ற இருவர் வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, வெள்ளையர்களுக்கு 92ஐ நம்பலாம், கறுப்பினத்தவருக்கு 95 தேவை என்று எழுதிவிட்டார்கள். 2005இல் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிக்லர் குழு, ஆக்சிஜன் குறையக் குறைய கருந்தோலில் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று லேபில் காட்டியது. கவனியுங்கள், அதிகமாகக் காட்டுகிறது. ஆபத்தில் இருக்கிறவரை நன்றாக இருக்கிறார் என்று சொல்லும் பிழை.

சரி, தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன ஆயிற்று? பேப்பர் வந்தது, மேற்கோள் காட்டினார்கள், கருவி அதேபடி விற்றுக்கொண்டிருந்தது. மருத்துவத் துறை ஆராய்ச்சியில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். கண்டுபிடிப்பு 'இந்த நோயாளிகளிடம் கவனம் தேவை' என்ற ஒரு வரி அறிவுரையாக முடிந்துபோகிறது. அந்த அறிவுரையைச் சுமக்கவேண்டியவர் ராத்திரி டியூட்டியில் முப்பது படுக்கைகளுக்கு நடுவே ஓடும் நர்ஸ்.

இனி நான் சொல்லப்போவது, பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பட்டியலிலேயே சேர்க்காத துறை, மக்களோடு பழகி அவர்கள் வாழும் விதத்தை ஆராயும் மானுடவியல். எமி மோரன் தாமஸ் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மானுடவியலாளர். பெலீஸ் நாட்டில் சர்க்கரை நோயாளிகளோடு பல காலம் பழகி, கருவிகள் அவர்கள் வாழ்க்கையில் எப்படி உழைக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்று பார்த்தவர். 2020இல் கொரோனா சமயம் வீட்டில் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, எல்லாரையும் போல அவரும் ஒரு ஆக்சிமீட்டர் வாங்கினார். ஒளியை வைத்து அளக்கிறது என்றால் தோலின் நிறம் குறுக்கே வராதா என்று அவருக்குச் சந்தேகம். பழைய பேப்பர்களைத் தோண்டினார். விடை அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் பாஸ்டன் ரிவ்யூ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார்.

அதை மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் படித்தார்கள். மைக்கேல் ஸ்யோடிங் தலைமையில் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்துவிட்டது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. 2021 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது.

ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்கு எத்தனை மாதம்? நாலே மாதம். எண்கள் எல்லாம் மருத்துவமனை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தவை, புதிதாக ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக மருத்துவ இதழுக்குள் கிடந்த ஒன்றை, வீட்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கருவியைப் பார்த்த ஒரு மானுடவியலாளர் எடுத்து வெளியே வைத்தார். நானும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன், மருதாணி வரை யோசித்தேன், தோலின் நிறம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அம்மாவின் நிறமும் கருமைதான். அதனால்தான் இந்தத் துறையைப் பற்றி எழுதும்போது எனக்குச் சாதாரணமாக எழுத வரவில்லை.

மானுடவியலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கேள்வியை எழுப்பலாம், தனியாக நிரூபிக்க முடியாது. மிச்சிகன்காரர்களின் 11.7 இல்லையென்றால் அந்தக் கட்டுரை, நல்ல கட்டுரை என்ற அளவில் நின்றிருக்கும். வேலைவாய்ப்பும் குறைவு, நம் ஊரில் இன்னும் குறைவு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் வருவோம், இப்போது கூட்டம் அதிகம் அங்கேதான். இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐசியு பதிவுகளைப் பெயர் நீக்கி எம்ஐடி ஆராய்ச்சிக்கூடம் ஒன்று வெளியிட்ட மிமிக் என்ற தரவுத்தொகுப்பு, ஒரு சின்ன ஆன்லைன் பயிற்சி முடித்தால் யாருக்கும் இலவசம். ஈரோட்டில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து ஆராய்ச்சி தொடங்கிவிடலாம். நன்மை பெரியது. ஆனால் அந்தத் தொகுப்பில் வரும் ஆக்சிஜன் எண் எந்த விரலிலிருந்து வந்தது, அந்த விரல் சில்லென்று இருந்ததா, என்ன நிறம் என்பதெல்லாம் அட்டவணையில் இருக்காது. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மாடல் கற்றுக்கொள்ளும், கருவியின் பிழை மாடலின் பிழையாகிவிடும்.

இதே துறையில் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வைச் சொல்வேன். ஸியாட் ஓபர்மேயர் ஒரு டாக்டர், செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர். அமெரிக்க மருத்துவமனைகளில், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முடிவு செய்ய உதவிய ஒரு அல்காரிதத்தை அவர்கள் குழு பிரித்துப் பார்த்தது. அது நோயைக் கணிப்பதற்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்துக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவர்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகத்தான் செலவு செய்யப்பட்டது, ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அல்காரிதம் நினைத்துவிட்டது. இதைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும் என்று கணக்கிட்டார்கள். இதில் உயர்ந்த கோடிங் எதுவும் இல்லை. அட்டவணையில் 'செலவு' என்ற பத்திக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு டாக்டருக்கும் ஒரு பொருளியலாளருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பப்ளிக் ஹெல்த், கொள்கை ஆராய்ச்சி பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. மெதுவானது, ஆனால் விதியை மாற்றுவது அங்கேதான். பிரிட்டனில் மார்கரெட் வைட்ஹெட் தலைமையிலான குழு மருத்துவக் கருவிகளில் உள்ள பாரபட்சம் பற்றி 2024இல் அறிக்கை கொடுத்தது. 2025 ஜனவரியில் எஃப்டிஏ வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், பழைய பத்துப் பேரை 150 ஆக்கச் சொல்கிறது. தோல் நிறத்தைப் பார்க்க அது எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று பத்து நிறப்படிகள் கொண்ட மங்க் அளவுகோல், அதை உருவாக்கிய எல்லிஸ் மங்க் ஹார்வர்டில் சமூகவியலாளர்.

நம் பக்கம் என்ன வழி? ஐஐடி மெட்ராஸில் மெக்கானிக்கல் துறையின் சுஜாதா சீனிவாசன் குழு, உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து நிற்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலியை 2019இல் கொண்டுவந்தது. பொருள் செய்யும் ஆசை இருப்பவர்களுக்கு அது நல்ல இடம். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் வேறு மாதிரி, இதய அறுவை நிபுணர் வலியத்தான் இயக்குநராக இருந்து ஆஸ்பத்திரியையும் கருவிப் பட்டறையையும் ஒரே நிறுவனத்துக்குள் வளர்த்தார். மூன்று மாடல்கள் தோற்று நான்காவதில் தேறிய சித்ரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. மூன்று தடவை தோற்க அனுமதித்த நிறுவனம் என்பதே எனக்கு அதில் பெரிய விஷயம். இந்த இரண்டோடு வேலூர் சிஎம்சியும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக் நடத்துகிறார்கள், மாணவர்கள் வகுப்பிலும் வார்டிலும் இரண்டு இடத்திலும் இருக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் அதற்குத்தான் விண்ணப்பிக்கச் சொல்வேன். ஏபிஜி சிரிஞ்சையும் மானிட்டரையும் ஒரே நேரத்தில் பார்க்காத பொறியாளர் இந்தக் கருவியைத் திருத்தமுடியாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. சேர்ந்தபின் ஹியூமானிட்டிஸ், சமூக அறிவியல் துறையின் கதவையும் தட்டுங்கள், ஐஐடியில் அந்தத் துறை அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

ஏன் தட்டச் சொல்கிறேன் என்றால், மிச்சிகனில் நாலு மாதத்தில் முடிந்த ஆய்வை அப்படியே இங்கே செய்யப் பார்த்தால் முதல் நாளே நின்றுவிடும். அமெரிக்கப் பதிவில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை வைத்துப் பிரித்தார்கள். இனமும் நிறமும் ஒன்றில்லை என்பது ஒரு பக்கம். நம் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊர் இருக்கும், தோலின் நிறத்துக்கு இடம் கிடையாது. ஒரே வீட்டிலேயே அக்கா ஒரு நிறம், தம்பி ஒரு நிறம் என்று இருக்கும் ஊரில் அதை யார், எந்த அளவுகோலில், எப்படிக் கேட்டு எழுதுவது? நிறத்தைப் பற்றிப் பேசினாலே புண்படும் மனிதர்களிடம், காய்ச்சலோடு படுத்திருக்கும்போது, விரலுக்குப் பக்கத்தில் ஒரு வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பதற்கு முன் என்ன சொல்லவேண்டும்? இதற்கு ஒரு கைடு மட்டும் போதாது. சேரும்போதே இரண்டு துறையிலிருந்து இரண்டு கைடு கேளுங்கள்.