புயல் நாளுக்கு கார்ல ஹாம் ரேடியோவுக்கு எந்த ஆன்டெனா? மூணு வாங்கி ஓட்டி பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், கூரை நடுவுல காந்தத்துல ஒட்டுற அரை மீட்டர் குச்சி இருக்கே, குவார்ட்டர் வேவ்ம்பாங்க, அதாவது ரேடியோ அலை நீளத்துல கால்வாசி, அதை வாங்குங்க. விலை கம்மிங்கறதால சொல்லல, காத்து மழையில அதுதான் நின்னுச்சு.

எனக்கு ஹாம் லைசன்ஸ் (பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறவங்களுக்கு தர்றது) இருக்கு, அக்டோபர் வந்துட்டா மழை எங்க இறங்குதோ அங்க காரை எடுத்துட்டு கெளம்பற பழக்கமும் இருக்கு, பழவேற்காடு, கோவளம், மாமல்லபுரம்னு ரெண்டு மூணு வண்டியா போவோம். போன் இருக்கே எதுக்கு ரேடியோன்னு கேப்பாங்க. 2016 டிசம்பர் 12, வர்தா அடிச்ச அன்னிக்கு அம்மா அம்பத்தூர்ல, நான் வேளச்சேரில, கரண்டும் இல்ல டவரும் இல்ல, அவங்க நல்லா இருக்காங்கன்னு தெரியவே மறுநாள் மதியம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் உக்காந்து படிச்சு பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினேன். லைசன்ஸ் இல்லாம பிடிடியை, அதாவது பேசறதுக்கு அழுத்தற பட்டனை, அழுத்தாதீங்க, அது சட்டப்படி தப்பு.

மொதல்ல வாங்கினது ஒரு மீட்டருக்கு மேல நீளம், டூயல் பேண்ட் (ரெண்டு அலைவரிசைக்கும் ஆகறது), டிக்கி கதவு ஓரத்துல கிளாம்ப் போட்டு மாட்டுறது. டப்பா மேல போட்டிருந்த கெயின் நம்பரை பாத்து மயங்கிட்டேன். வெயில் நாள்ல பிரமாதமா வேலை செஞ்சுது, அதை மறைக்கல. ஆனா 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரை கடக்கற அன்னிக்கு ஈசிஆர்ல முட்டுக்காடு கிட்ட எதிர்காத்துல போறப்ப குச்சி வில்லு மாதிரி பின்னாடி வளைஞ்சுடுச்சு. அடையாறுல மொட்டை மாடி ஆன்டெனாவுல கேட்டுட்டு இருந்த ஃப்ரெண்டு, "ஜி, உங்க குரல் ஊஞ்சல்ல உக்காந்து பேசற மாதிரி வந்து வந்து போகுது"ங்கறாரு. கெயின்ங்கறது சும்மா வர்ற சக்தி இல்லீங்க, மேலயும் கீழயும் போற சிக்னலை அமுக்கி பக்கவாட்டுல தள்றதுதான், குச்சி சாஞ்சா அதுவும் சேந்து சாஞ்சு ஒரு பக்கம் வானத்துக்கும் இன்னொரு பக்கம் ரோட்டுக்கும் போயிடும். அது மட்டும் இல்ல, நம்ம ஊர்ல புயல் முடிஞ்ச தெருவை நெனச்சு பாருங்க, ஒடிஞ்ச கிளை, தலை உயரத்துல தொங்கற கேபிள் டிவி ஒயரு. ஒரு சந்துல அந்த ஒயரு குச்சியில மாட்டி, டிக்கி கதவு ஓரமே நெளிஞ்சுடுச்சு.

ரெண்டாவது, ரிச்சி தெருவுல ஒரு கடையில வாங்கின மலிவான குவார்ட்டர் வேவ். டிசைன் மேல குத்தம் இல்ல, செஞ்ச விதம்தான் மோசம். ரெண்டே மழையில எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா செட்டோட எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு காட்டற அளவு, 1 கிட்ட இருந்தா நல்லது) 3க்கு மேல ஏறிடுச்சு, கனெக்டரை பிரிச்சு பாத்தா கேபிளோட வெளி கம்பிப் பின்னலை சால்டரே பண்ணாம சும்மா முறுக்கி உள்ள சொருகி வெச்சிருக்காங்க, தண்ணி எறங்கி செம்பு பச்சையா பூத்து கெடந்துச்சு. திருப்பி எடுத்துட்டு போனா மாத்தி தர மாட்டேன்னுட்டாங்க. உயிர் போற நேரத்துக்கு வாங்கற சாமான்ல இப்படி பண்ணலாமா, இன்னமும் கோவம் வருது.

மூணாவதுதான் இப்ப வண்டியில இருக்கு. அதே தெரு, வேற கடை. வயசான ஒரு அண்ணன், கனமான காந்தம், வெட்டாத ஸ்டீல் குச்சி, நல்லா சால்டர் பண்ணின கேபிள், எல்லாம் சேத்து 1,800 ரூபா. என் கார் மேலயே வெச்சு நானோ விஎன்ஏங்கற ஆன்டெனா சோதிக்கற கருவியை போட்டு பாத்தோம், டிப்பு, அதாவது எஸ்டபிள்யூஆர் ரொம்ப கம்மியா இருக்கற இடம், நாம பேசற 145க்கு பதிலா 141 மெகாஹெர்ட்ஸ்ல நின்னுச்சு, அதாவது குச்சி தேவைக்கு மேல நீளம். ஆலன் கீயால கழட்டி, ஹேக்ஸா பிளேடால நாலு தடவையா கொஞ்சம் கொஞ்சமா, மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர் கிட்ட வெட்டினதும் 145ல வந்து உக்காந்துச்சு, எஸ்டபிள்யூஆர் 1.2. இன்னொரு லாபம், 145க்கு கால் அலையா இருக்கற குச்சி மூணு மடங்கான 435க்கு முக்கால் அலை ஆயிடும், நம்ம நாட்டு ஹாம்களுக்கான யூஹெச்எஃப் (இன்னும் உயர்ந்த அலைவரிசை) பேண்டு 434ல இருந்து 438 வரைக்கும்ங்கறதால அதுலயும் மேட்ச் ஆகுது. ஆனா அங்க சிக்னல் மேல்நோக்கி போகும், ரொம்ப தூரம் எதிர்பாக்காதீங்க.

கூரை நடுவுல வைக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த கூரைத் தகடுதான் ஆன்டெனாவோட இன்னொரு பாதி. ஓரத்துல வெச்சா ஒரு பக்கம் நல்லா போகும், இன்னொரு பக்கம் வீக்காயிடும். கேபிளை பின் கதவு ரப்பர் வழியா விடுங்க, உள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கமா ஒரு வளைவு தொங்க விடுங்க, இல்லேன்னா தண்ணி கேபிளை பிடிச்சுட்டே சீட்டுக்கு வந்துடும். அப்புறம் நம்ம பீச் மணல்ல கருப்பா ஒரு துகள் கலந்திருக்கும் பாருங்க, அது காந்தத்துல மீசை மாதிரி ஒட்டிக்கும், தொடைக்காம கூரையில வெச்சா பெயிண்ட்ல வட்டமா கீறல் விழும். என் வண்டியில ரெண்டு இருக்கு.

50 வாட் செட்டுன்னா சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகாதீங்க, 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், பேட்டரில இருந்து ஃப்யூஸ் போட்டு தனி ஒயரு இழுங்க. இடி மின்னல் கிட்ட வந்துட்டா வண்டியை ஓரங்கட்டி கேபிளை செட்ல இருந்து கழட்டிடுங்க, கண்ணாடியை ஏத்திட்டு உள்ளயே உக்காருங்க.

இதே ஆன்டெனாவை வெச்சு போன டிசம்பர்ல கோவளத்துல இருந்து அதே அடையாறு ஃப்ரெண்டுகிட்ட பேசினேன், 25 வாட், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி திருப்பி அனுப்பற நிலையம்) இல்லாம நேரா, நல்ல காத்து. குச்சி லேசா அதிரும், அவ்ளோதான். "இப்ப ஊஞ்சல் நின்னுடுச்சு ஜி"ன்னாரு.

சன்ரூஃப் வண்டிக்காரங்களுக்கு மட்டும் இது சரிப்படாது, கண்ணாடியில காந்தம் நிக்காதே. அவங்க கூரைத் தகடு மாதிரி இன்னொரு பாதி தேவைப்படாத ஹாஃப் வேவ் (அரை அலை நீளக் குச்சி) பாருங்க, மச்சானோட வண்டிக்கு அதைத்தான் ரூஃப் ரெயில்ல மாட்டலாம்னு இருக்கோம், மாட்டி ஒரு மழை பாத்ததும் அதையும் எழுதறேன்.