ஜோன்ஸ்டவுன் ஆவணத் தளம்: சபைக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது

அமெரிக்காவில் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இயங்கும் ஜோன்ஸ்டவுன் ஆவண இணையதளத்தைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், எதுவும் கண்ணில் படவில்லை. இலவசம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆங்கிலம் மட்டும்தான் என்பது நம்மில் பலருக்கு ஒரு தடை.

1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டுக்குள் இருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில், அமெரிக்கப் போதகர் ஜிம் ஜோன்ஸின் பீப்பிள்ஸ் டெம்பிள் சபையார் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பெரும்பாலானோர் சயனைடு கலந்த பானத்தால். அதில் சுமார் 300 பேர் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பதின்வயதினரும். இதைக் கேள்விப்பட்டதும் "ஏதோ பைத்தியக்காரக் கூட்டம், அதெல்லாம் கிறிஸ்தவமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கடைசிக் காலத்தில் ஜோன்ஸ் பைபிளையே இழிவாகப் பேசினார் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சபை டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட் என்ற அறியப்பட்ட திருச்சபைப் பிரிவோடு இணைந்திருந்தது, பாட்டு, பிரசங்கம், சுகமளிக்கும் கூட்டம் எல்லாம் வைத்துத்தான் ஆள் சேர்த்தது.

1998ல் இந்தத் தளத்தைத் தொடங்கியவர்கள் ரெபேக்கா மூரும் அவர் கணவர் ஃபீல்டிங் மெக்கீயும். ரெபேக்காவின் அக்கா கரோலின், தங்கை ஆனி இருவரும் அங்கே இறந்தவர்கள். அப்பா மெத்தடிஸ்ட் போதகர்! போதகர் வீட்டுப் பிள்ளைகளே அங்கே போய் நின்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. அதனாலோ என்னவோ, இறந்தவர்களை இந்தத் தளம் முட்டாள்களாகக் காட்டுவதே இல்லை, ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, கிடைத்த இடத்தில் புகைப்படம், தெரிந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்பு என்று மனிதர்களாகவே வைத்திருக்கிறது.

விசுவாசிகள் ஜோன்ஸுக்கு "அப்பா" என்று விளித்து எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. தன் குற்றங்களை, தன் கெட்ட எண்ணங்களைத் தானே பட்டியல் போட்டு ஒப்புக்கொடுக்கும் கடிதங்கள். பாஸ்போர்ட் சபையின் கையில், முதியோரின் பென்ஷன் பணம் சபைக்கு, வெளியே போகும் கடிதங்களுக்குத் தணிக்கை, ராவும் பகலும் ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல். இப்படி வாழ்ந்தவர்களிடம் யோசிக்கும் தெம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

தளத்திலேயே மிக முக்கியமானது கியூ 042 என்ற எண்ணிட்ட ஒலிநாடா, கடைசி நாளில் பதிவானது, சுமார் 44 நிமிடம். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து, சபை முன்பு பேசிவந்தபடி ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்து போக இன்னும் வழி இல்லையா, இந்தக் குழந்தைகள் வாழ வேண்டாமா என்று கேட்கிறார். ஜோன்ஸ் கொஞ்ச நேரம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கிறிஸ்டினின் வாயை அடைத்தது பெரும்பாலும் கூட்டம்தான், பல வருஷம் அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டுப் பாடிய அதே ஜனங்கள். கத்துகிறார்கள், அப்பாவுக்கு நன்றி சொல்கிறார்கள், கைதட்டுகிறார்கள். சுற்றிலும் ஆயுதக் காவல் இருந்தது, குழந்தைகளின் வாயில் சிரிஞ்சால் விஷத்தை ஊற்றினார்கள். அதனால் இதைத் தற்கொலை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குத் தெரிந்த ஒரு சபைதான் ஞாபகம் வந்தது. காணிக்கைக் கணக்கு கேட்ட ஒருவரைப் பற்றி பாஸ்டர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்களே "பின்மாற்றத்தில் போய்விட்டார், அபிஷேகம் பெற்றவரைக் குறை சொல்கிறார்" என்று பேசிப் பேசி அவர் குடும்பத்தையே வராமல் பண்ணிவிட்டார்கள். ஊழியக்காரர் எப்படி என்று பார்க்கிற நாம், கேள்வி கேட்டவரிடம் சபையார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

குறை என்றால், ஆவணங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, புதிதாக வருகிறவர் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறிப்போவார். பல நாடாக்களில் ஜோன்ஸ் மணிக்கணக்கில் செய்தி வாசிக்கிறார், அதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் கியூ 042ன் எழுத்து வடிவத்தைப் படியுங்கள், அப்புறம் கிறிஸ்டின் மில்லரைப் பற்றிய பக்கம், அதன்பின் தப்பி வந்தவர்களின் கட்டுரைகள். ஒலியைக் கேட்பதானால் தனியாகக் கேட்க வேண்டாம், பின்னணியில் குழந்தைகளின் அழுகை கேட்கும். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள் எழுத்து வடிவத்தை எடுத்து, கிறிஸ்டின் பேசும் இடத்தை மட்டும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துப் பேசலாம், ஒரு மணி நேரம் போதும்.